வாசகர் கேள்வி – பதில்: குழந்தைகள் நல ஆய்வும் ஆற்றுப்படுத்தும் (கவுன்சலிங்) பயிற்சியும்

இம்முறை வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை குழந்தைகள் இல்லங்களிலும் பள்ளிகளிலும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளிலும் பணியாற்றுவோரும், சமூகப்பணி பயிலும் மாணவர்களும் எழுதியவை. குழந்தைகளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கி, கேள்விகளைச் சுருக்கி வெளியிடுகிறோம்.

முதுகலைச் சமூகப்பணி மாணவி, திருச்சிராப்பள்ளி: என் ஆய்வேட்டுக்காக ஒரு குழந்தைகள் இல்லத்தில் தங்கிப் படிக்கும் 60 சிறுமியரிடம் வினாநிரல் கொடுத்து, அவர்களது மனச்சோர்வின் அளவைக் கணக்கிடலாம் என்று வழிகாட்டிப் பேராசிரியர் கூறுகிறார். இல்லக் கண்காணிப்பாளரும் அனுமதி தருவதாகச் சொல்லிவிட்டார். வேறு எதையேனும் நான் கவனிக்க வேண்டுமா?

கண்காணிப்பாளரின் வாய்மொழி அனுமதி போதாது. இல்லத்தில் இருக்கும் குழந்தைகள் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தைகளின் பராமரிப்பு, பாதுகாப்பு குறித்து முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் ஆணையின் பேரில் அங்கே வைக்கப்பட்டவர்கள். எனவே, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் வழியாகப் பொறுப்பான அரசுத் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதியையும், நலக் குழுவின் இசைவையும், உங்கள் கல்லூரியின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் பெறுவதே முறை. அச்சட்டத்தின் 74-ஆம் பிரிவு குழந்தையின் பெயர், பள்ளி, முகவரி, படம் ஆகியவற்றை வெளியிடுவதைத் தடை செய்கிறது. ஆய்வேடு நூலகத்தில் வைக்கப்படும் ஆவணம் என்பதால், பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஊரையும் இல்லத்தையும் தெரிந்த ஒருவர் படித்தால் இன்ன சிறுமி என்று ஊகிக்கும்படியான கதை விவரங்களும் அதில் இருக்கக் கூடாது.

இவை அனைத்தும் தாளில் முடியக்கூடியவை. கடினமானது குழந்தையின் சம்மதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள், பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதலோடு நில்லாமல், 7 முதல் 12 வயது வரையிலான குழந்தையிடம் வாய்மொழியாகவும் அதற்கு மேற்பட்ட வயதினரிடம் எழுத்து வழியாகவும் இசைவு பெற வேண்டும் என்கின்றன. அவை உடல்நலம் சார்ந்த ஆய்வுகளுக்காக எழுதப்பட்டவை என்றாலும், நீங்கள் அளக்கப்போவது மனச்சோர்வு என்பதால் உங்களுக்கும் பொருந்தும். ஆனால் கண்காணிப்பாளரே அழைத்து வந்து, "அக்கா கேட்கிறதுக்கெல்லாம் ஒழுங்கா பதில் சொல்லுங்க" என்று கூறிவிட்டுப் போன அறையில், எந்தச் சிறுமி "எனக்கு விருப்பமில்லை" என்று சொல்வாள்? உணவும் படுக்கையும் வீட்டுக்குப் போகும் விடுமுறையும் பிறர் கையில் இருக்கும் ஒரு குழந்தையின் தலையசைப்பை முழுச் சம்மதமாக எண்ணுவது கடினம். மறுப்பதற்கு எளிய வழி ஒன்றையும் நீங்களே அமைத்துத் தர வேண்டும்.

அடுத்தது, மனச்சோர்வை அளக்கும் அளவுகோல்கள் பலவற்றில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றிய கூற்று ஒன்று இருக்கும். ஒரு சிறுமி அதற்கு நேரே குறியிட்டுக் கொடுத்துவிட்டால் அன்று மாலை நீங்கள் என்ன செய்வீர்கள்? தாள்களை அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறிவிட முடியாது. இன்னொருத்தி தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை உங்களிடம் சொல்லிவிடலாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குற்றத்தை அறிந்தவர் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது; ஆய்வாளர்களுக்கு விலக்கு எதுவும் தரவில்லை. தகவல் தெரிவிப்பது உங்கள் சட்டக் கடமையாகிவிடும். ஆகவே, "நீங்கள் சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்ற வழக்கமான உறுதிமொழியை நீங்கள் கொடுக்கவே கூடாது. எதை வெளியே சொல்ல மாட்டேன், எதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே அவர்களுக்குப் புரியும் தமிழில் விளக்குங்கள். உதவி தேவைப்படும் குழந்தையை யாரிடம் அன்றைக்கே ஒப்படைப்பது என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட குழந்தை வன்கொடுமை ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தப்பட்டது. அவர்களுள் 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானதாகக் கூறியது இன்றுவரை மேடைதோறும் மேற்கோள் காட்டப்படுகிறது. அந்த 13 மாநிலங்களுள் தமிழ்நாடு இல்லை என்பதை மேற்கோள் காட்டுவோர் பலர் கவனிப்பதில்லை. அக்குழந்தைகளுள் பெரும்பாலோர் அதுவரை எவரிடமும் அதைச் சொல்லியிருக்கவில்லை என்ற முடிவும் அந்த ஆய்விலேயே இருக்கிறது. என்னைக் கேட்டால் விழுக்காட்டைவிட இதுவே நம் துறைக்கு முக்கியமானது. கேட்கத் தெரிந்தவர் கேட்டால் குழந்தைகள் சொல்கிறார்கள். சொன்னபின் என்ன செய்வது என்று கேட்டவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீங்கள் அனுமதித்தால் தலைப்பையே மாற்றச் சொல்வேன். இல்லக் குழந்தைகளின் மனச்சோர்வை வயதுவாரியாகவும் மதவாரியாகவும் அட்டவணை போட்டு, இறுதியில் "ஆற்றுப்படுத்துதல் அளிக்கப்பட வேண்டும்" என்று பரிந்துரைக்கும் ஆய்வேடுகளுக்கு நம் கல்லூரி நூலகங்களில் பஞ்சமில்லை. அதற்குப் பதிலாக, பெயர் நீக்கிய கோப்புகளைத் துறையின் அனுமதியோடு படித்துப் பாருங்கள். குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தப்பட்ட நாளுக்கும் இறுதி ஆணைக்கும் இடையே எத்தனை மாதங்கள் கழிந்தன, தனிநபர் பராமரிப்புத் திட்டம் எழுதியபின் அது எப்போதேனும் திருத்தப்பட்டதா, ஆற்றுப்படுத்துநர் ஒரு குழந்தையை எத்தனை முறை சந்தித்தார் என்பவற்றை எவரையும் நோகடிக்காமல் ஆராயலாம். அல்லது 18 வயது நிரம்பி இல்லத்தை விட்டு வெளியேறி, பிற்காப்பு உதவி பெறும் இளைஞர்களிடம் பேசலாம். தாமாகவே ஒப்புக்கொள்ளவும் மறுக்கவும் உரிமை உடைய வயதினர் அவர்கள். சொல்வதற்கும் அவர்களிடம் நிறைய இருக்கிறது.

ஆற்றுப்படுத்துநர், வேலூர் மாவட்டம்: நான்கு ஆண்டுகளாக ஒரு குழந்தைகள் இல்லத்தில் பணியாற்றுகிறேன். மூன்று நாள் பயிலரங்குகள் பலவற்றில் கலந்துகொண்டு சான்றிதழ்களும் வைத்திருக்கிறேன். ஆனாலும், பேச மறுக்கும் ஒரு சிறுவன் எதிரில் அமர்ந்தால் அறிவுரை சொல்லத்தான் வாய் வருகிறது. என்னிடம்தான் குறையா?

உங்களிடம் மட்டும் உள்ள குறையாக இது தெரியவில்லை. இதே நிலைமை பல நாடுகளில் முறையாக ஆராயப்பட்டிருக்கிறது.

ஆற்றுப்படுத்தும் திறன் பிறவிக் குணம் என்ற எண்ணத்தை அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸும் அவருக்குப்பின் வந்தவர்களும் மாற்றினார்கள். ஒத்துணர்வு, நிபந்தனையற்ற ஏற்பு, உள்ளும் புறமும் ஒன்றாயிருத்தல் ஆகியவற்றை ரோஜர்ஸ் 1957-இல் வரையறுத்தார். 1960-களின் இறுதியில் ஆலன் ஐவி என்பவர் ஆற்றுப்படுத்தும் உரையாடலைச் சிறு சிறு திறன்களாகப் பிரித்தார். கவனித்து அமர்தல், திறந்த வினா கேட்டல், சொன்னதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லுதல், அதில் உள்ள உணர்ச்சியைச் சுட்டுதல், தொகுத்துக் கூறல் என ஒவ்வொன்றையும் தனித்தனியே பயிற்றுவித்து, பயிற்சி பெறுபவர் பேசியதைக் காணொளியாகப் பதிந்து அவருக்கே போட்டுக் காட்டினார். அந்த முறையின் உயிர் போட்டுக் காட்டுவதில்தான் இருந்தது. நம்மூருக்கு வந்தபோது திறன்களின் பட்டியல் மட்டும் படவில்லைகளாக வந்து சேர்ந்தது.

பட்டியலைக் கேட்டுவிட்டுப் போவதால் என்ன நடக்கும் என்பதை வில்லியம் மில்லரும் மவுன்ட்டும் 2001-இல் வெளியிட்ட சிறிய ஆய்வு காட்டியது. குற்றம் புரிந்தோரைக் கண்காணித்து வழிநடத்தும் நன்னடத்தைப் பணியில் இருந்தவர்களுக்கு, மாற வேண்டும் என்ற விருப்பத்தை எதிரில் இருப்பவரிடமிருந்தே வெளிக்கொணரும் ஊக்கமூட்டும் உரையாடல் முறையில் ஒரு பயிலரங்கு நடத்தப்பட்டது. தங்கள் திறன் பெரிதும் வளர்ந்துவிட்டதாக அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் உண்மையில் பேசியதன் ஒலிப்பதிவைக் கேட்டபோது மாற்றம் மிகச் சிறிதாகவே இருந்தது. எதிரே அமர்ந்தவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. பயிலரங்கின் கடைசி நாளில் நாம் நிரப்பிக் கொடுக்கும் மதிப்பீட்டுத் தாளின் பெறுமதி இவ்வளவுதான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மில்லரின் குழுவினர் 2004-இல் 140 பணியாளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து மீண்டும் சோதித்தனர். பயிலரங்கு மட்டும் பெற்றவர்கள் நான்கு மாதங்களில் கற்றதை இழந்தார்கள். பயிலரங்குக்குப் பின் தங்கள் ஒலிப்பதிவு குறித்த பின்னூட்டமோ, தொலைபேசி வழியாகச் சில தனிப் பயிற்சி அமர்வுகளோ பெற்றவர்கள் அதைக் காத்துக்கொண்டார்கள்.

வன்கொடுமைக்கு உள்ளான குழந்தைகளிடம் விசாரிப்போரைப் பற்றி உளவியலாளர் மைக்கேல் லாம் தலைமையில் நடந்த ஆய்வுகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. "அவர் உன்னைத் தொட்டாரா?" என்பது போன்ற வினாக்களைவிட, "நடந்ததை முதலிலிருந்து சொல்லு" என்ற திறந்த அழைப்புக்குக் குழந்தைகள் தரும் விடை நீளமாகவும் துல்லியமாகவும் இருக்கிறது என்பதை அவை நிறுவின. விசாரணையாளர்கள் இதை அறிந்திருந்தும் பழைய வினாக்களுக்கே திரும்பிப் போனார்கள். எழுதப்பட்ட வழிமுறையும் தொடர் பின்னூட்டமும் சேர்ந்தபோதுதான் அவர்கள் மாறினார்கள். பின்னூட்டத்தை நிறுத்தியதும் அதே ஆட்களின் தரம் மறுபடி இறங்கிவிட்டதை 2002-இல் வெளியான அவர்களது கட்டுரை பதிவு செய்திருக்கிறது. நீந்தக் கற்றவர் மறப்பதில்லை என்பார்கள். இந்தத் திறன் அந்த வகையைச் சேர்ந்தது அன்று.

ஆகவே உங்களுக்கு இன்னொரு பயிலரங்கு தேவையில்லை. நீங்கள் பேசுவதைத் தொடர்ந்து கவனித்துச் சொல்லும் ஓர் ஆள் தேவை. இல்லத்துக் குழந்தையிடம் பேசுவதை ஒலிப்பதிவு செய்வது இரகசியக் காப்பு காரணமாகச் சிக்கலானது, செய்யாதீர்கள். மாறாக, அமர்வு முடிந்த அரைமணி நேரத்துக்குள் அவன் சொன்னதையும் நீங்கள் சொன்னதையும் நினைவில் உள்ளபடி வாக்கியம் வாக்கியமாக எழுதுங்கள். களப்பணி மாணவர்களை இப்படி எழுத வைப்பது நம் துறையின் பழைய வழக்கம். வேலையில் சேர்ந்ததும் எல்லோரும் விட்டுவிடுகிறோம். எழுதியதில் எத்தனை வினா, அவற்றில் "ஆமாம்", "இல்லை" என்று முடிந்துபோகக்கூடியவை எத்தனை, அறிவுரை எந்த இடத்தில் நுழைந்தது, அதற்கு முந்தைய வரியில் சிறுவன் என்ன சொன்னான் என்று குறியுங்கள். நம் வாயில் அறிவுரை வரும் இடம், பெரும்பாலும் அவன் சொன்னதை நம்மால் தாங்க முடியாமல் போன இடமாக இருப்பதைக் காண்பீர்கள்.

அக்கம்பக்க மாவட்டங்களில் உங்களைப் போலவே தனித்து வேலை செய்யும் ஆற்றுப்படுத்துநர்கள் இருப்பார்கள். இளைஞர் நீதிச் சட்டத்துக்கான 2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் 100 குழந்தைகள் உள்ள இல்லத்துக்கே இரண்டு ஆற்றுப்படுத்துநர்களைத்தான் பரிந்துரைக்கின்றன என்பதால், ஒரே கூரையின் கீழ் ஒரு குழு அமைவது அரிது. மூன்று நான்கு பேர் மாதம் ஒருமுறை கூடி, பெயர் நீக்கிய பதிவுகளைப் படித்து, சிக்கலான பகுதியை ஒருவர் சிறுவனாகவும் ஒருவர் ஆற்றுப்படுத்துநராகவும் நடித்துப் பாருங்கள். நடித்துப் பார்க்கும் பயிற்சியை மட்டும் ஒலிப்பதிவு செய்து கேளுங்கள். மூத்த சமூகப் பணியாளர் ஒருவரோ மருத்துவக் கல்லூரி மனநலத் துறையில் பணியாற்றும் ஒருவரோ அவ்வப்போது வந்து அமர இசைந்தால் நல்லது. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் 'சம்வாத்' திட்டம் குழந்தைகளோடு பணியாற்றுவோருக்கெனப் பயிற்சிக் கையேடுகளை வெளியிட்டிருக்கிறது. குழுவாகப் பயில அவை உகந்தவை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இங்கிலாந்தில் டொனால்ட் ஃபாரஸ்டர் குழுவினர் குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர்களுக்குப் பயிற்சியோடு மேற்பார்வையும் கொடுத்து, 165 குடும்பங்களிடம் அதன் விளைவைக் குலுக்கல் முறை ஆய்வாகச் சோதித்து 2018-இல் வெளியிட்டனர். திறன் சிறிதே கூடியது; குடும்பங்களின் ஈடுபாட்டில் வேறுபாடு தெரியவில்லை. கோப்புச் சுமையும் அவசரமும் அப்படியே இருக்கும் அலுவலகத்தில் பேச்சுத் திறனை மட்டும் உயர்த்திப் பயன் எதிர்பார்க்க இயலாது என்றே நான் அதைப் படிக்கிறேன். சிறுவனோடு அமர உங்களுக்குக் கதவு சாத்தக்கூடிய ஓர் அறையும், இடையில் எவரும் அழைக்காத முக்கால் மணி நேரமும் கிடைக்கின்றனவா? இல்லையென்றால் அதைக் கேட்டு வாங்குவதும் உங்கள் தொழில்திறனைச் சேர்ந்ததுதான்.

ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்: எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, உறவினர் ஒருவர் தன்னிடம் தவறாக நடப்பதாக அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள். "போலீசுக்குப் போனால் பிள்ளையின் வாழ்க்கை போய்விடும், கவுன்சலிங் கொடுத்துப் பேசி முடித்துவிடலாம்" என்கிறார் தலைமையாசிரியர். என்ன செய்வது?

இன்றைக்கே தகவல் கொடுங்கள். போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, இத்தகைய குற்றம் நடந்ததை அறிந்த எவரும் சிறப்பு இளைஞர் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். தலைமையாசிரியரின் அனுமதி அதற்குத் தேவையில்லை. தெரிவிக்கத் தவறுவது 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ பெறத்தக்க குற்றம். நல்லெண்ணத்தில் தகவல் கொடுத்தவர் மீது உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ தொடர முடியாது என்றும் அதே சட்டம் காப்பளிக்கிறது. காவல் நிலையத்தை நினைத்துத் தயக்கமாக இருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையோ பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணையோ அழைத்து, அவர்கள் துணையோடு செய்யுங்கள். 1098 சேவையே 1996-இல் மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணித் திட்டமாகப் பிறந்ததுதான்.

ஆற்றுப்படுத்துதல் அந்தச் சிறுமிக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் அது புகாருக்குப் பதிலாகக் கொடுக்கப்படும் பொருளன்று. பேசி முடிப்பது என்றால் யார் யாரோடு பேசி எதை முடிப்பது? உறவினர் அதே வீட்டுக்கு வந்து போய்க்கொண்டுதானே இருப்பார்.

நீங்கள் செய்யக் கூடாதவையும் சில உள்ளன. அவளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். தலைமையாசிரியர் முன்னும் பெற்றோர் முன்னும் ஒப்பிக்க வைக்காதீர்கள். அவள் சொன்ன சொற்களை அவள் சொன்னபடியே தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். "ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை?" என்ற கேள்வி, கேட்பவருக்கு இயல்பாகத் தோன்றினாலும், அவள் காதில் குற்றச்சாட்டாகவே விழும். "நீ என்னிடம் சொன்னது நல்லது, இதில் உன் தப்பு எதுவும் இல்லை, இனி யாரிடம் சொல்லப் போகிறேன் என்பதை உனக்குத் தெரியாமல் செய்ய மாட்டேன்" என்று சொல்லுங்கள். வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, இயன்றவரை துணை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி ஒருவர், சீருடை அணியாமல் பதிய வேண்டும். அவள் நம்பும் ஒருவர் உடன் இருக்கலாம். அந்த ஒருவராக அவள் உங்களைக் கேட்டால் மறுக்காதீர்கள். வழக்கு முடியும்வரை துணை நிற்க ஆதரவு நபர் ஒருவரை நியமிக்கும்படி குழந்தைகள் நலக் குழுவைக் கேட்கவும் 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகளில் வழியுண்டு.

இல்லத்தரசி, கோயம்புத்தூர்: ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு முடித்தால் குழந்தைகளுக்கான ஆலோசகராகப் பணி தொடங்கலாம் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். சேரலாமா?

நல்ல பெற்றோராகவோ நல்ல தன்னார்வலராகவோ ஆவதற்குச் சேருங்கள். பெயர்ப்பலகை மாட்டுவதற்கு வேண்டாம். சமூகப்பணிக்கென்று இந்தியாவில் தொழிலை ஒழுங்குபடுத்தும் தனிச் சட்டமுறைக் கழகம் இல்லை. மருத்துவமனை, மனநலம் சார்ந்த சமூகப் பணியாளர்களையும் ஆற்றுப்படுத்துநர் சிலரையும் 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சேருமுன் அந்த நிறுவனத்திடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: மேற்பார்வையோடு கூடிய களப்பயிற்சி எத்தனை மணி நேரம், மேற்பார்வையிடுபவர் யார்? விடை மழுப்பலாக வந்தால் பணத்தைக் கட்டாதீர்கள்.

குழந்தைகள் நலக் குழு உறுப்பினர், தென் மாவட்டம்: குழந்தையின் குடும்பச் சூழலை விசாரித்து எங்கள் முன் வைக்கப்படும் சமூக விசாரணை அறிக்கைகளைப் படித்தால், எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே குடும்பம்தான் இருக்கிறதோ என்று தோன்றுகிறது. அறிக்கை எழுதுவோருக்கு எப்படிப் பயிற்சி தரலாம்?

"தந்தை குடிப்பழக்கம் உள்ளவர். தாய் பொறுப்பற்றவர். குடும்பச் சூழல் சரியில்லை. குழந்தையை இல்லத்தில் வைத்துப் படிக்க வைப்பது நலம்." இவ்வகை அறிக்கையைத்தான் குறிப்பிடுகிறீர்கள் என்று எண்ணுகிறேன். நான்கு வாக்கியங்களும் தீர்ப்புகள். நடந்தது என்ன என்பதைச் சொல்லும் வாக்கியம் ஒன்றுகூட இல்லை. தாய் பொறுப்பற்றவர் என்று எழுதியவர், அவர் நூற்பாலையில் இரவுப் பணிக்குப் போகிறார் என்பதையும், அந்த நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதையும் ஒருவேளை நேரில் கண்டிருப்பார். அதை அப்படியே எழுதியிருந்தால் குழுவுக்கு வேறொரு முடிவு தோன்றியிருக்கும்.

முதல் பயிற்சியாக, அறிக்கையில் உள்ள பெயரடைகளை எல்லாம் அடிக்கச் சொல்லுங்கள். மிஞ்சுவதில் யார், எப்போது, எங்கே, எவர் சொன்னது என்பவை இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். கண்டது, கேட்டது, தாம் கருதுவது ஆகிய மூன்றும் தனித்தனிப் பத்திகளில் வர வேண்டும். குழந்தை என்ன விரும்புகிறது என்பது அதன் சொந்தச் சொற்களில் வர வேண்டும். 1989-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு கேட்பதும் இதைத்தான், இந்தியா 1992-இல் அதை ஏற்றுக்கொண்டது.

விசாரணையை 15 நாளுக்குள் முடித்து, குழந்தை முதன்முதலில் முன்னிறுத்தப்பட்ட நான்கு மாதத்துக்குள் இறுதி ஆணை பிறப்பிக்கும் வகையில் இளைஞர் நீதிச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு கால எல்லை வகுத்திருக்கிறது. அந்த 15 நாளில் வீட்டுக்கு ஒரே ஒருமுறை, அதுவும் பகலில், தாய் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் போய் அண்டை வீட்டாரிடம் விசாரித்துத் திரும்புவதே வழக்கமாகிவிட்டது. தாயிடம் பேசுவதற்கு ஆற்றுப்படுத்தும் திறன் வேண்டும். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போக வந்தவராக உங்கள் பணியாளரை அவர் பார்க்கும்போது, வினாநிரலை விரித்தால் அவர் வாயை மூடிக்கொள்வார். உங்கள் குழு அறிக்கையைத் திருப்பி அனுப்பும்போது "விவரம் போதாது" என்று எழுதாமல், எந்த வாக்கியத்துக்கு எந்த விவரம் தேவை என்று ஓரத்தில் குறித்து அனுப்புங்கள். அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய சிறந்த பின்னூட்டம் அதுவாகவே இருக்கும்.

ஓய்வுபெற்ற அரசு ஊழியர், சென்னை: குழந்தைகள் இல்லங்களுக்கு நன்கொடை அளித்து வருகிறேன். இல்லத்தைவிடக் குடும்பத்தில் வளர்வதே நல்லது என்று ஆய்வுகள் சொல்வதாக ஒரு நண்பர் வாதிடுகிறார். உண்மையா?

உங்கள் நண்பர் சொல்வதற்கு வலுவான சான்று ருமேனியாவில் இருந்து கிடைத்தது. புக்கரெஸ்ட் நகரின் காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளைச் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா ஆகியோர் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தனர். குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவுத்திறன் வளர்ச்சி மேம்பட்டது. இரண்டு வயதுக்கு முன் போனவர்களுக்குப் பயன் கூடுதலாக இருந்தது. மறுபாதியைக் காப்பகத்திலேயே விட்டது நியாயமா என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. அந்நாட்டில் அப்போது வளர்ப்புக் குடும்பங்களே அரிதாக இருந்தன, ஆய்வுக்காகவே அவை உருவாக்கப்பட்டன, காப்பகத்தில் இருந்த எந்தக் குழந்தையும் பிறகு குடும்பத்துக்குப் போவது தடுக்கப்படவில்லை என்பவை ஆய்வாளர்களின் விடைகள். இரண்டு வயதுக்குட்பட்டவர்களைக் காப்பகத்தில் வைப்பதற்குப் பின்னர் அந்நாட்டுச் சட்டமே தடை விதித்தது.

நம் மாநிலத்துக்கு அதை அப்படியே பொருத்த வேண்டியதில்லை. இங்கே இல்லங்களில் இருப்போருள் பலருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமையும் பள்ளிப் படிப்பும்தான் பிள்ளைகளை அங்கே கொண்டுவந்து சேர்க்கின்றன. 1920-ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம், நாட்டிலேயே இவ்வகையில் முதலாவது. அன்றுதொட்டு, ஆதரவற்ற பிள்ளை என்றால் விடுதி என்று நினைத்துப் பழகிவிட்டோம். 2015-ஆம் ஆண்டின் சட்டமோ, நிறுவனத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பதைத் தன் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான 'மிஷன் வாத்சல்யா'வின் நிதி ஆதரவில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கிறது. தாயிடமே பிள்ளை வளர அது பல வீடுகளில் போதுமானதாக இருக்கும். விண்ணப்பத்தை நிரப்பவும் சான்றிதழ்கள் வாங்கவும் உடன் நடக்க ஆளில்லாததால் பலருக்கு அது போய்ச் சேர்வதில்லை.

நன்கொடையை நிறுத்துங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வீடு பாதுகாப்பற்றதாக உள்ள குழந்தைகளுக்கு நல்ல இல்லம் தேவை. ஆனால் பிறந்தநாள் விருந்துக்கும் புத்தாடைக்கும் கொடுப்பதை, அந்த இல்லம் ஒரு சமூகப் பணியாளரை அமர்த்தி வீடுகளுக்கு அனுப்புவதற்கான ஊதியமாகக் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை பிள்ளைகள் இந்த ஆண்டு வீடு திரும்பினார்கள் என்றும் கேளுங்கள்.

உளவளத்துணையாளர் (ஆற்றுப்படுத்துநர்), மட்டக்களப்பு, இலங்கை: பயிற்சிகளில் கண்ணோடு கண் பார்க்க வேண்டும், முன்சாய்ந்து அமர வேண்டும் என்று கற்பிக்கிறார்கள். எங்கள் கிராமத்துப் பிள்ளைகள் அப்படி அமர்ந்தால் மிரண்டு போகிறார்கள். எதைக் கைக்கொள்வது?

பிள்ளையைக் கைக்கொள்ளுங்கள். அந்த அமரும் முறையைப் பரப்பிய ஜெரார்ட் ஈகனே அதை வழிகாட்டுதலாகத்தான் சொன்னார், விதியாகச் சொல்லவில்லை. பெரியவர் முன் தலை குனிந்து நிற்பது மரியாதை என்று வளர்க்கப்பட்ட பிள்ளை, உங்கள் பார்வையைத் தவிர்ப்பதை மறைத்தலாகவோ பயமாகவோ குறிப்பேட்டில் எழுதிவிடக் கூடாது. பக்கத்தில் அமர்ந்து, கையில் ஒரு வேலையைக் கொடுத்து, இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருக்கும்போது பிள்ளைகள் பேசுவதைப் போல் எதிரெதிரே அமர்ந்து பேசுவதில்லை. அவர்கள் உங்களை அக்கா என்றோ ரீச்சர் என்றோ அழைத்தால் அழைக்கட்டும். ஆனால் அக்கா என்று அழைக்கப்பட்டவுடன் அக்காவைப் போல் கண்டிக்கவும் தொடங்கிவிடுகிறோமா என்பதில் மட்டும் கவனம் வேண்டும்.

இலங்கையின் வடக்கில் போருக்குப் பிந்திய உளநலம் பற்றி எழுதிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், பாதிப்பைத் தனி ஆளின் உள்ளத்தில் மட்டும் தேடாமல் குடும்பத்திலும் ஊரிலும் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்தியவர். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப்பின் பல நாட்டுப் பயிற்சியாளர்கள் வந்து போனதை உங்கள் மாவட்டம் கண்டிருக்கிறது. அம்மம்மாவிடம் வளரும் பிள்ளைக்கு அம்மம்மாவோடு சேர்த்துப் பேசுவது எப்படி என்பதை அவர்கள் எல்லோரும் கற்பித்திருக்க முடியாது. அதை நீங்களும் உங்கள் சக பணியாளர்களும் உங்கள் அமர்வுகளை எழுதி, ஒன்றாகப் படித்துத்தான் உருவாக்க முடியும். ஒன்றை மட்டும் பண்பாட்டின் பெயரால் தளர்த்த வேண்டாம்: பிள்ளைக்குக் கொடுமை நடப்பதாக ஐயம் எழுந்தால், குடும்ப மானம் கருதித் தாமதிக்காமல் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் அலுவலர்களுக்கோ, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கோ அறிவித்துவிடுங்கள்.